யாருமே ஒன்றும் கேட்கவில்லை என்றாயே

பாப்பா,

நேற்று மாலை போனில் உன் குரலே குதித்துக்கொண்டிருந்தது. ஸ்ரீ சிட்டியில் உங்கள் தொழிற்சாலை புதிதாக அமைக்கும் உற்பத்தி வரிசைக்கு உன்னையே பொறுப்பாளராகப் போட்டிருக்கிறார்கள் என்றாய். வருகிற வாரம் வேலை தொடங்குகிறது என்றாய். எனக்கு எவ்வளவு பெருமை என்று உனக்குத் தெரியும். அடுத்து நீ ஒன்று சொன்னாய். "வரைபடம், தேதி, யாரு எதுக்குப் பொறுப்பு, எல்லாத்தையும் க்ரூப்புல போட்டுட்டேம்மா. எல்லாரும் பாத்துட்டாங்க. யாருமே ஒண்ணும் கேக்கல. அவ்ளோ தெளிவா போட்டிருக்கேன் போல." நான் நல்லது கண்ணு என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு அடுப்பில் பால் பொங்கி வழிந்தது கூட எனக்குத் தெரியவில்லை. உன் நைனா வந்து அடுப்பை அணைத்தார். "இன்னாமே, பொண்ணுக்குப் பெரிய வேல வந்துகீது. நீ மூஞ்ச இப்படி வெச்சிக்கினு கீற?" என்றார். யாருமே ஒன்றும் கேட்கவில்லையாம் என்றேன். "அப்போ சொல்லிரு அவகிட்ட. போன்ல சொல்லாத, அவ பாதியில வெச்சிருவா. எழுது" என்றார்.

அதனால் எழுதுகிறேன். உன்னைப் போல முதல்முறையாக ஒரு வேலையின் பொறுப்பை ஏற்றுக்கொள்ளும் மற்றப் பிள்ளைகளும் படிக்கட்டும் என்றுதான் இதை மூடிய உறைக்குள் வைக்காமல் பொதுவில் வைக்கிறேன். நான் எதையும் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிக்கிறவள் என்று நீ கேலி செய்வாய். மிக்ஸி வாங்கினால் அதோடு வரும் சிறு புத்தகத்தைக்கூட விடமாட்டேன். ஒரு திட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்குள் விஷயம் எப்படிப் போய்ச் சேரவேண்டும் என்று நிறையப் படித்திருக்கிறேன். ஆனால் இங்கே எழுதப்போவது படித்தது அல்ல. நகரியில் டயாலிசிஸ் அறை அமைத்தபோது நடந்தது. அப்போது நீ பயிற்சியில் இருந்தாய். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று மட்டும் உன்னிடம் சொன்னேன். அது உண்மைதான். எப்படி முடிந்தது என்பதைத்தான் சொல்லவில்லை.

அந்த அறை வருவதற்கு முன் நம் வீடு எப்படி இருந்தது என்று உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை. வாரத்தில் மூன்று நாள் உன் நைனா திருப்பதிக்குப் போய்வந்தார். விடிவதற்குள் பஸ், புத்தூரில் ஒரு டீக்கடை நிறுத்தம், அங்கே டயாலிசிஸ் முடிய மதியம், திரும்பி வர இருட்டிவிடும். டீக்கடையில் எல்லாரும் டீ குடிக்க, இவர் டம்ளரைக் கையில் வைத்துச் சூடு மட்டும் பிடித்துக்கொண்டு நிற்பார், அளந்துதானே குடிக்கவேண்டும். "டிரைவர் லீவு போட்டா நானே ஓட்டிருவேன், எல்லாப் பள்ளமும் எனக்கு மனப்பாடம்" என்று சிரிப்பார். ஆனால் திரும்பி வரும்போது ரத்த அழுத்தம் இறங்கி, ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டு வருவார். ஒருமுறை புத்தூர் பஸ் நிலையத்தில் மயங்கி உட்கார்ந்துவிட்டார். கூட வந்த சின்னப்பரெட்டிதான் தாங்கிப் பிடித்தார். விஜயபுரம் பக்கத்தில் வேர்க்கடலை போடுகிறவர், அவருக்கும் அதே சிறுநீரக நோய், அதே பஸ். மறுநாள் நம் வீட்டுக்கு வந்து என்னிடம் தெலுங்கில் சொன்னார்: அம்மா, இன்னும் ஒரு வருஷம் இப்படிப் போனால் எங்கள் இரண்டு பேரையும் நோய் கொல்லாது, ரோடு கொன்றுவிடும். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் வேலை பார்க்கும் அறக்கட்டளை நம் ஊர் நகரியிலேயே ஒரு சின்ன மருத்துவமனையில் டயாலிசிஸ் அறை அமைக்க முடிவு செய்தபோது, ஒருங்கிணைப்பு வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். திருப்பதி அலுவலகத்தில் என் மேசைக்கு எத்தனையோ வேலைகள் வந்து போயிருக்கின்றன. இது மட்டும் என் வீட்டுக்காரரின் உயிர். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை, ஆனால் எல்லாருக்கும் தெரியும்.

இப்படிப்பட்ட அறையில் படுக்கையும் மெஷினும்தான் பார்வைக்குத் தெரியும். உண்மையில் எல்லாம் தண்ணீர்தான். ஒரு நோயாளியின் ரத்தத்துக்குப் பக்கத்தில், ஒரு மெல்லிய சவ்வுக்கு அந்தப்புறம், நாலு மணி நேரம் தண்ணீர் ஓடுகிறது. அது குடிதண்ணீரைவிடப் பலமடங்கு சுத்தமாக இருக்கவேண்டும். அதைப் பார்த்துக்கொள்ள முனிரத்னம் வந்தார், சித்தூர்க்காரர், தண்ணீர் சுத்திகரிப்பு நிலையம் அமைக்கிறவர், வேலையில் கெட்டி. செவிலியர்களுக்குத் தலைவியாக ரெட்டெம்மா வந்தார், பலமனேரில் பல வருஷம் வேலை பார்த்தவர். இருவருக்கும் வீட்டு மொழி தெலுங்கு, தமிழும் வரும். யாருக்கு என்ன தெரியுமோ அது அவரவர் தலையில் துண்டு துண்டாக இருந்தது. நானும் உன்னைப் போலவே ஒரு வாட்ஸ்அப் க்ரூப் ஆரம்பித்து, தெரிந்ததை எல்லாம் இதில் போடுங்கள் என்றேன். போட்டார்கள். அளவுகள், படங்கள், குரல் பதிவுகள், தமிழில், தெலுங்கில். ஒவ்வொன்றுக்கும் கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. இவ்வளவு நன்றாகப் பகிர்ந்துகொள்ளும் ஒரு குழுவை நான் பார்த்ததே இல்லை என்று திருப்பதி அலுவலகத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

முதல் அடி கழிவுநீர்க் குழாயில் விழுந்தது. குழாயின் உயரத்தை மாற்றவேண்டும் என்று புது அளவைக் க்ரூப்பில் போட்டேன். பிளம்பர் கும்பிட்டார். மேஸ்திரியும் கும்பிட்டார். பழைய அளவிலேயே குழாயைப் பதித்து, சிமெண்ட் பூசி, டைல்ஸும் ஒட்டிவிட்டார்கள். உடைத்தோம். "நான் போட்டதப் பாக்கலியா?" என்றேன் பிளம்பரிடம். "பாத்தேன் மேடம், நமஸ்காரம் போட்டேனே" என்றார். அவர் முகத்தில் ஒரு கள்ளமும் இல்லை. பெரியவர்கள் ஒன்று அனுப்பினால் கும்பிடவேண்டும், அது மரியாதை. புரிந்ததா என்பது வேறு விஷயம். மேடம் சொன்னது புரியவில்லை என்று நாலு பேர் பார்க்கும் இடத்தில் எழுதினால் அது மேடத்துக்கு அவமானம் என்று அவர் உண்மையிலேயே நினைத்திருந்தார்.

சனிக்கிழமைகளில் நிலைமை இன்னும் மோசம். நம் பக்கத்துச் சனிக்கிழமையைப் பற்றி உனக்குத் தெரியும். விடியும்போதே பெருமாள் படங்கள் வரத் தொடங்கிவிடும், பூவலங்காரம், விளக்கு, மலைமேல் சூரியன் எழும்பும் படம். ஒருவர் போட்டால் மற்றவர் சும்மா இருக்கமுடியாது. பத்து மணிக்குள் அதற்கு முன் யார் என்ன எழுதினார்கள் என்பதைத் தேடி எடுக்கக் கையே வலிக்கும். நான் ஒருநாள் துணிந்து, இந்தக் க்ரூப்பில் சாமி படம் வேண்டாமே என்று பணிவாக எழுதினேன். அன்று முழுக்க ஒருவரும் ஒன்றும் எழுதவில்லை, வேலை விஷயம் உட்பட. வீட்டுக்கு வந்து சொன்னேன். "பெருமாளையே வெளிய அனுப்பிட்டியா?" என்று உன் நைனா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "திங்க, புதன், வெள்ளி அவரு ஊருக்குத்தான் நான் போய்க்கினு கீறேன். கொஞ்சம் பாத்து நடந்துக்கமே." மறுநாள் 'வேலை மட்டும்' என்று இன்னொரு க்ரூப் ஆரம்பித்தேன். ஆரம்பம் மங்களகரமாக இருக்கட்டும் என்று மேஸ்திரி அதில் முதலாவதாக ஒரு பெருமாள் படம் போட்டார். நானே கும்பிட்டுவிட்டேன்.

அப்புறம் நான் புத்தகத்தைத் தேடிப் போனேன். சொன்னவர் சொல்லிவிட்டுப் போகக்கூடாது, கேட்டவரைத் திரும்பச் சொல்ல வைக்கவேண்டும் என்று ஒரு புத்தகத்தில் இருந்தது. எனக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. மறுநாளே ரெட்டெம்மாவிடம் மெஷின்கள் வரும் வரிசையை விளக்கிவிட்டு, "இப்போ நான் சொன்னதை நீங்க ஒருதடவை திருப்பிச் சொல்லுங்க" என்றேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, புடவைத் தலைப்பில் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டார். "நான் ஒண்ணாங்க்ளாஸா மேடம்?" என்றார். "வாய்ப்பாடு வேணாலும் சொல்றேன், கேக்கறீங்களா?" இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. நான் கேட்ட விதத்தில் அது பரீட்சையாகத்தான் இருந்தது. தோற்றுப்போக விருப்பமில்லாத யாரும் பரீட்சைக்கு வந்து உட்காரமாட்டார்கள்.

வழி கிடைத்தது கோமதியால். கோமதி திருத்தணியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிற இளம் செவிலியர், புதிதாகச் சேர்ந்தவள், தெலுங்கில் ஒரு வார்த்தை தெரியாது. முனிரத்னம் எதையாவது ரெட்டெம்மாவிடம் தெலுங்கில் விளக்குவார், அவர்கள் இரண்டு பேருக்கும் அதுதான் சுலபம். கோமதி பக்கத்தில் நின்று முழிப்பாள். ரெட்டெம்மா அவள் பக்கம் திரும்பி அதையே தமிழில் சொல்வார். ஒருநாள் அப்படிச் சொல்லிக்கொண்டிருக்கும்போது முனிரத்னம் குறுக்கே வந்து, "அக்கா, வால்வ தொறக்கறதுக்கு முன்னாடி பம்ப நிறுத்தணும், அத வுட்டுட்டீங்க" என்றார். ரெட்டெம்மா கோபித்துக்கொள்ளவில்லை. "அவ்னு அவ்னு" என்று ஆமாம் சொல்லித் தலையாட்டிவிட்டு, கோமதியிடம் அதையும் சேர்த்துச் சொன்னார். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்தில் கணக்குக்கு விடை வந்தவுடன் கையைத் தூக்கிக்கொண்டு எழுந்து நிற்கத் தோன்றுமே, அப்படி இருந்தது எனக்கு. நான் கேட்டபோது கோபித்துக்கொண்டவர், அதே காரியத்தைத் தானாகவே செய்துகொண்டிருக்கிறார். ஏனென்றால் இங்கே அவரை யாரும் சோதிக்கவில்லை. அவர் ஒரு சின்னப் பெண்ணுக்கு உதவி செய்துகொண்டிருக்கிறார். சொன்னவர் பக்கத்திலேயே நிற்பதால், விட்டுப்போனது அவர் காதிலேயே விழுந்துவிடுகிறது.

அன்றிலிருந்து அதையே எங்கள் வழக்கமாக்கினேன். நம் ஊரில் இரண்டு மொழி இருக்கிறது என்று அலுவலகத்தில் எல்லாரும் தொல்லையாகத்தான் சொல்வார்கள். எனக்கு அது கையில் கிடைத்த வசதியாகத் தெரிந்தது. முக்கியமான எந்த விஷயமும் ஒரு மொழியில் ஒருவரிடம் சொல்லப்படும். அவர் அதை இன்னொரு மொழியில் மூன்றாவது ஆளிடம் சொல்வார். அதுவரை முதலில் சொன்னவர் நகரக்கூடாது. மனப்பாடமாக ஒப்பிக்க முடியாது பார், மொழி மாறும்போது புரிந்தது மட்டும்தான் அந்தப் பக்கம் போகும். புரியாதது இந்தப் பக்கமே நின்றுவிடும். "எங்க போனாலும் மேடம் ஒரு தமிழாள், ஒரு தெலுங்காள், நடுவுல ஒரு ஆளு வெச்சிக்கினு சுத்தறாங்க" என்று முனிரத்னம் கிண்டல் செய்வார். கிண்டல் செய்துகொண்டே நிற்பார்.

இப்போது அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். திங்கட்கிழமை காலை முதல் நோயாளிகளுக்கு டயாலிசிஸ் ஆரம்பிப்பதாக இருந்தது. முதல் பட்டியலில் உன் நைனாவும் சின்னப்பரெட்டியும் இருந்தார்கள். உன் நைனா ஒரு வாரம் முன்பே போய் அறையைப் பார்த்து, ரோடு தெரிகிற மாதிரி ஜன்னலோரப் படுக்கை வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்திருந்தார். தண்ணீர்க் குழாய், சுத்திகரிப்பு அறையில் கிளம்பி எல்லாப் படுக்கைக்கும் பின்னால் சுற்றி மறுபடி தொட்டிக்கே திரும்புகிறது. திறப்பதற்கு முன் அந்தக் குழாய்க்குள் கிருமிநாசினி மருந்து ஓடவிட்டு, பிறகு அந்த மருந்து துளிகூட இல்லாமல் போகும்வரை நல்ல தண்ணீரால் கழுவவேண்டும். மருந்து மிச்சமிருந்து அது ஒருவர் ரத்தத்தில் கலந்துவிட்டால் சிவப்பணுக்கள் உடைந்துபோகும். நான் அதற்குமேல் எழுத விரும்பவில்லை.

முனிரத்னம் சனிக்கிழமை காலை மருந்து விட்டார். அவருடைய மகனுக்குத் திருமலையில் மொட்டை போடுவதாக வேண்டுதல், திங்கட்கிழமை காலை தரிசனத்துக்குச் சீட்டு கிடைத்திருந்தது. மாற்றமுடியாது. நானும் மாற்றச் சொல்லவில்லை. செல்போனை ஒப்படைத்துவிட்டு வரிசையில் நிற்கிறவரை யாரும் கூப்பிட்டுக் கேட்கமுடியாது என்பதுதான் எனக்கு உறுத்தியது. மதியம் ஹெல்மெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்பும் முன், வழக்கப்படி ரெட்டெம்மாவிடம் தெலுங்கில் சொல்லிமுடித்தார். ரெட்டெம்மா கோமதியிடம் திரும்பினார்.

"கேட்டுக்கோ கோமதி. பைப்புல மருந்து வுட்டாச்சு. நாளைக்குப் பூரா தண்ணி ஓட வுடணும். திங்கக்கெழம காத்தால சோதனைத் தாள் வெச்சுப் பாக்கணும். கலர் வரலன்னா ஆரம்பிச்சிரலாம். வந்துச்சுன்னா இன்னும் ஓட வுடணும். அவ்ளோதான்."

முனிரத்னம் தலையாட்டினார். எனக்கும் சரியாகத்தான் பட்டது.

"எந்தத் தண்ணில பாக்கணும் அக்கா?" என்றாள் கோமதி.

"இன்னா எந்தத் தண்ணி? சுத்திகரிப்பு ரூம்ல குழா கீதே, அதுலதான்."

"காதம்மா, காது!" என்று முனிரத்னம் பதறிப்போய் இல்லை இல்லை என்று கையை ஆட்டினார். "அங்க பாத்தா எப்பவும் சுத்தமாத்தான் காட்டும். ஒவ்வொரு பெட்டுக்குப் பின்னாடியும் பாக்கணும். ஜன்னல் பெட்ட கண்டிப்பா பாக்கணும்."

"அத நீ என்கிட்ட சொல்லவே இல்லியேப்பா," என்றார் ரெட்டெம்மா.

"க்ரூப்புல போட்டேனே அக்கா. போன சனிக்கெழம. படத்தோட போட்டேன். நீங்ககூட நமஸ்காரம் போட்டீங்க."

"சனிக்கெழமயா? நான் பெருமாளுக்குப் போட்டிருப்பேன்."

எல்லாரும் சிரித்தோம். நான் சிரித்துக்கொண்டே போனை எடுத்துத் தேடிப் பார்த்தேன். இருந்தது. இரண்டு அலங்காரப் படங்களுக்கு நடுவில், குழாயின் படத்தோடு, தெளிவாக எழுதியிருந்தார். கீழே கும்பிட்டவர்களில் நானும் இருந்தேன். எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. பாப்பா, நான் எல்லாவற்றையும் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படிக்கிறவள். அதையும் நிச்சயம் படித்திருப்பேன். படித்தும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

கோமதி மட்டும் சிரிக்காமல் நின்றிருந்தாள். "அண்ணா, எல்லாம் ஒரே தொட்டிலேந்துதானே வருது? அங்க சுத்தமா இருந்தா இங்கயும் சுத்தமாத்தானே இருக்கும்? எனக்குப் புரியல" என்றாள்.

எத்தனையோ வாரமாக அந்த அறையில் அப்படி ஒருவர் வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டதே இல்லை. முனிரத்னம் ஹெல்மெட்டைக் கீழே வைத்தார். "வாம்மா, காட்றேன்" என்று எல்லாரையும் ஜன்னலோரப் படுக்கைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். அங்கே முக்கியக் குழாயிலிருந்து ஒரு சாண் நீளத்துக்கு ஒரு கிளை பிரிந்து, முனையில் மூடி போட்டு நின்றது. பின்னால் இன்னொரு மெஷின் வாங்கினால் வேண்டும் என்று விட்டுவைத்த கிளை. தண்ணீர் அதைத் தாண்டி ஓடிவிடும், அதற்குள் நுழைந்து வெளியே வராது. உள்ளே போன மருந்து அங்கேயே தேங்கி நின்று, கொஞ்சம் கொஞ்சமாக ஜன்னலோரப் படுக்கையின் பக்கம் கசிந்துகொண்டிருக்கும். மூடியைக் கையால் தளர்த்தி, வாளியில் அந்தத் தண்ணீரை விட்டுக் காட்டினார். தாளில் நிறம் வந்தால் இப்படித் திறந்துவிடவேண்டும் என்று சொல்லி, கோமதியையும் ஒருதடவை செய்யச் சொன்னார். பிறகு அவள் அதை ரெட்டெம்மாவுக்குத் தமிழில் சொன்னாள், ரெட்டெம்மா தெலுங்கில் முனிரத்னத்துக்கே திருப்பிச் சொன்னார். "பரீட்ச பாஸா தம்பி?" என்று அவரே கேட்டார். அவர் அப்படிக் கேட்டதில் எனக்கு மனசு எவ்வளவு லேசானது என்று சொல்லமுடியாது.

உனக்கு நான் சொல்ல வந்தது இதுதான், கண்ணு. க்ரூப்பில் போடு, வேண்டாம் என்று சொல்லவில்லை. தேடி எடுக்க ஓர் இடம் வேண்டும். ஆனால் போட்டுவிட்டதால் அவர்களுக்குத் தெரியும் என்று ஒருநாளும் நினைக்காதே. முனிரத்னம் சோம்பேறி அல்ல, எதையும் மறைக்கிறவரும் அல்ல. படத்தோடு எழுதிவிட்டதால்தான் வாயால் சொல்லத் தோன்றவில்லை. பகிர்ந்துவிட்டோம் என்ற நிம்மதிதான் அவரைப் பேசாமல் இருக்கவைத்தது. உங்கள் தொழிற்சாலையில் ஊத்துக்கோட்டையிலிருந்து வருகிற பெண்கள் இருக்கிறார்கள், சத்தியவேட்டிலிருந்து வருகிறவர்கள் இருக்கிறார்கள், இந்தி பேசுகிற இன்ஜினியர் இருக்கிறார் என்று நீயே சொல்லியிருக்கிறாய். மொழி ஒரு தடங்கல் என்று சலித்துக்கொள்ளாதே. ஒருவரிடம் சொல், அவரை இன்னொருவருக்குச் சொல்லச் சொல், நீ வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் நில். வாயை மூடிக்கொள்வதுதான் கஷ்டம், உனக்கு என்னைவிடக் கஷ்டம். நடுவில் திருத்தத் துடிக்கும். முழுவதையும் சொல்லவிட்டு அப்புறம் திருத்து. யாராவது புரியவில்லை என்று சொன்னால், சொன்னவருடைய பெயரைச் சொல்லி, எல்லார் முன்னாலும் நன்றி சொல். அடுத்த தடவை இன்னொருவர் சொல்வார். யாருமே எதுவும் கேட்காத நாளில் பயப்படு. அது உன் தெளிவு அல்ல, உன்மேல் அவர்கள் வைத்திருக்கும் மரியாதை. மரியாதையை வைத்து ஒரு மெஷினையும் ஓட்டமுடியாது.

அப்போது நீ பயிற்சியின் கடைசி வாரத்தில் இருந்தாய், உன்னைப் பயமுறுத்த வேண்டாம் என்றுதான் எதுவும் சொல்லவில்லை. இப்போது அந்தத் திங்கட்கிழமையைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் போனபோது முனிரத்னம் மலைமேல் வரிசையில் நின்றிருந்தார், போன் அணைந்திருந்தது. கோமதி சுத்திகரிப்பு அறையில் தாளை நனைத்தாள், வெள்ளையாகவே இருந்தது. ஒவ்வொரு படுக்கையாகப் பார்த்துக்கொண்டு வந்தாள், எல்லாம் வெள்ளை. ஜன்னலோரத்தில் நனைத்தபோது தாளின் நுனி மெல்ல நிறம் மாறியது. அவ்வளவு லேசான நிறம், வேறு நேரமாக இருந்தால் வெளிச்சம் என்று நினைத்திருப்பேன். உன் நைனா வந்து படுக்க இருந்த இடம் அது. பக்கத்தில் இருந்த கட்டிலைப் பிடித்துக்கொண்டேன். கோமதி என்னைப் பார்க்கவில்லை. யாரையும் கேட்கவில்லை. போய் வாளியை எடுத்துவந்து, குனிந்து அந்த மூடியைத் தளர்த்தினாள். ரெட்டெம்மா வெளியே போய், கொஞ்சம் தாமதமாகும் என்று டாக்டரிடம் சொல்லிவிட்டு வந்தார்.

வெளியே பெஞ்சில் உன் நைனாவும் சின்னப்பரெட்டியும் உட்கார்ந்திருந்தார்கள். "இன்னாமே, முகூர்த்தம் தள்ளிப் போச்சா? மாப்பிள்ளைங்க ரெண்டு பேரும் ரெடியா கீறோம்" என்றார் உன் நைனா. கொஞ்சம் தண்ணீர் கழுவவேண்டியிருக்கிறது என்றேன். என் முகத்தைப் பார்த்தவர் அதற்குமேல் கேலி செய்யவில்லை. தள்ளி உட்கார்ந்து, பெஞ்சில் எனக்கு இடம் விட்டார். காத்திருந்தோம். கோமதி மறுபடி தாளை நனைத்தாள், மறுபடியும் நனைத்தாள். கடைசியில் கதவைத் திறந்து, வெள்ளையாக இருந்த தாளை எங்களுக்குத் தெரியும்படி உயர்த்திக் காட்டினாள். டாக்டரும் ஒருமுறை தானே சோதித்துப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் உன் நைனாவைக் கூப்பிட்டார்கள். நாலு மணி நேரமும் நான் அறை வாசலில்தான் இருந்தேன். அவர் ஒருதடவை கூடக் கண்ணை மூடவில்லை. ரோட்டில் போகிற திருப்பதி பஸ்களை எல்லாம் பார்த்துக்கொண்டே படுத்திருந்தார்.

முடிந்ததும் ரெட்டெம்மா அவர் கையில் கட்டைச் சரிபார்த்துவிட்டு, "பஸ்ஸ பிடிக்கணும்னு அவசரப்படாதீங்க, மெதுவா எழுந்திரிங்க" என்று பலமனேரில் வழக்கமாகத் தன் நோயாளிகளிடம் சொல்வதைச் சொன்னார். சொன்ன பிறகுதான் இவருக்கு இனி பஸ் இல்லை என்று நினைவு வந்து, அவரே சிரித்துவிட்டார். உன் நைனா சிரிக்கவில்லை. படுக்கையின் ஓரத்தில் உட்கார்ந்து, செருப்பில் காலை நுழைத்தார். மணி இன்னும் ஒன்றுகூட ஆகவில்லை. "இன்னும் பகலாவே கீதேமே" என்றார், ஏதோ நான்தான் சூரியனை அங்கே நிறுத்தி வைத்திருக்கிறேன் என்பதுபோல. இரண்டு பேரும் நடந்தே வீட்டுக்கு வந்தோம். தெருவில் விசைத்தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. அவர் சோறு சாப்பிட்டுவிட்டு, வெயில் விழுகிற இடத்தில் பாயைப் போட்டுப் படுத்துத் தூங்கிப்போனார்.

வேலை தொடங்கும் அன்று சாப்பிட்டுவிட்டுப் போ.

உன்
அம்மா